அறிவிப்பாளர் பிறப்பதில்லை: ஒலிவாங்கியிலிருந்து சின்னத்திரைக்கு – ஒரு நோக்கு

புகழுரைகள் பல வேளைகளிலே உண்மையை மறைக்கும் திரைகளாக அமைந்துவிடுகின்றன. ஒருவரைப் பாராட்டுகின்றோம் என்ற பெயரிலே அவரை உருவாக்கிய சூழலையும் நிறுவனத்தையும் உழைப்பையும் ஒருசேரப் புதைத்துவிடுவது எம்மவரிடையே வேரூன்றிவிட்ட வழக்கமாகும். ஈழத்துத் தமிழ் ஒலிபரப்பாளர்களுள் கடல் கடந்தும் புகழ்பெற்ற திரு. பி. எச். அப்துல் ஹமீத் அவர்களைப் பற்றி வாரப் பத்திரிகைகளிலும் பாராட்டு மேடைகளிலும் சொல்லப்படுவன இதற்குத் தக்க சான்றாகும். இறைவன் அளித்த குரல், பிறவிக் கலைஞர் என்னும் இரண்டு தொடர்களுக்கு அப்பால் இப்பாராட்டுகள் பெரும்பாலும் செல்வதில்லை. ‘பாட்டுக்குப் பாட்டு’ என்னும் போட்டி நிகழ்ச்சியை இலங்கை வானொலியிலும், பின்னர் தமிழகத்துத் தொலைக்காட்சியிலும், புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளின் மேடைகளிலும் நடத்திய ஒருவரின் தொழில் வாழ்வு இந்த இரண்டு தொடர்களுக்குள் அடங்கிவிடுமாயின், அவ்வாழ்வை நாம் சிறிதும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதே பொருளாகும்.

அவருக்குரிய மதிப்பிலே எமக்குக் கருத்து வேறுபாடில்லை. அம்மதிப்புக்குக் கற்பிக்கப்படும் காரணத்தையே நாம் மறுக்கின்றோம். குரல் இறைவன் அளித்ததாயின், அத்தகைய குரலொன்று மீண்டும் எழாதவிடத்து எவரும் குற்றவாளியல்லர். நிலைய முகாமையாளர் குற்றவாளியல்லர். பயிற்சிக்குப் பணம் ஒதுக்காத அரசு குற்றவாளியன்று. வெகுசனத் தொடர்பு பற்றிப் பாடம் நடத்தியும் ஓர் அறிவிப்பாளரையேனும் உருவாக்காத பல்கலைக்கழகமும் குற்றவாளியன்று. இறைவன் அளிக்கவில்லை, அவ்வளவே! எத்துணை வசதியான தத்துவம் இது! இத்தத்துவத்தை உடைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். போட்டி நிகழ்ச்சி நடத்துநர் பிறப்பதில்லை, ஆக்கப்படுகின்றார். ஆக்கும் பட்டறை அழிந்த பின்னர் ‘இன்னோர் அப்துல் ஹமீத் எங்கே?’ என்று வினவுவது, உலைக்களத்தை மூடிவிட்டுக் கொல்லனிடம் கொழு கேட்பதை ஒக்கும்.

திருகோணமலைத் துறைமுகச் சூழலிலே வளர்ந்தோருக்கு இவ்வுண்மையை நெடிது விளக்கத் தேவையில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எமது வாசலிலே கிடக்கின்றது. ஆழமும் அகலமும் மலையரணும் அதற்கு இயற்கையாகவே வாய்த்தவை. கொழும்புக்கோ இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. அங்கே 1875இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள்ளே கல்லணை கட்டி, அலையைத் தடுத்துத் துறைமுகத்தைச் செய்தார்கள். விளைவு யாது? இயற்கையின் கொடை எமக்கு. வணிகக் கப்பல்கள் கொழும்புக்கு. 1957இல் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. கொடை மட்டும் போதாது. அதன்மீது கட்டுமானம் எழவேண்டும் என்பதற்கு உட்துறைமுகத்தின் அமைதியான நீர்ப்பரப்பைவிட வேறு சான்று வேண்டுமோ? குரலும் அத்தகையதே. நல்ல குரல்கள் திருக்கடலூரிலும் உண்டு, கிண்ணியாவிலும் உண்டு, மூதூரிலும் உண்டு. அவற்றைக் கரைசேர்க்கும் கல்லணை எங்கே என்பதே கேள்வி.

1. பட்டறை

அந்தக் கட்டுமானம் ஒருகாலத்திலே இருந்தது. 1925 டிசம்பரிலே கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தேவைக்கென ஆற்றல்மிக்க ஒலிபரப்பி நிறுவப்பட்டது. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த அதே போரின் எச்சமாக, அவ்வொலிபரப்பி பின்னர் இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் ‘றேடியோ சிலோன்’ என்னும் பெயரும் 1950இல் வர்த்தக சேவையும் உதயமாயின. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். அதனால் இந்தியத் துணைக்கண்டத்து நேயர்கள் கொழும்பை நோக்கித் திரும்பினர். இந்தியிலே அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ அவ்வாண்டே தொடங்கிற்று. தமிழிலே எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழகத்தின் பட்டிதொட்டிகளிலும் நேயர் இருந்தனர். டில்லி தன் தவற்றையுணர்ந்து 1957இல் ‘விவித பாரதி’யைத் தொடங்குமுன்னரே இலங்கை வானொலி தன் அறிவிப்பு மரபை நிலைநாட்டிவிட்டது.

இவ்வரலாற்றை ஈண்டுக் கூறுவதற்குக் காரணமுண்டு. இது தனிமனிதரின் வரலாறன்று. ஒரு பொது நிறுவனத்தின் வரலாறு. 1967இல் கூட்டுத்தாபனமாகவும், 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் பெயரோடும் வளர்ந்த அந்நிறுவனத்துக்குள்ளேயே மயில்வாகனமும், ராஜேஸ்வரி சண்முகமும், சற்சொரூபவதி நாதனும், கே. எஸ். ராஜாவும், அப்துல் ஹமீதும் உருவாகினர். ஒரே காலப்பகுதியிலே ஒரே கூரையின்கீழ் இத்தனை பேருக்கும் இறைவன் குரலளித்தான் என்று நம்புவோர், அவன் ஏன் சுதந்திர சதுக்கத்துக்கு அண்மையிலுள்ள அவ்வொரு கட்டிடத்தின்மீது மட்டும் இத்துணைப் பரிவு காட்டினான் என்பதையும் விளக்கக் கடமைப்பட்டவராவர்.

ஹமீத் அவர்கள் அப்பட்டறையிலே ஏறிய படிகளை நோக்குவோம். அவர் சிறுவர் நிகழ்ச்சியிலே நுழைந்தார், வானொலி நாடகங்களிலே நடித்தார், பின்னரே அறிவிப்பாளரானார். இவ்வொழுங்கு தற்செயலானதன்று. ‘சானா’ எனப்பட்ட எஸ். சண்முகநாதன் போன்றோர் வளர்த்த வானொலி நாடகம், முகமும் கையும் உடையும் உதவாதவிடத்து ஒரு மனிதனைக் குரலால் மட்டும் நிறுத்திக் காட்டும் கலையாகும். அக்கலையிலே தேறியவன் பேச்சின் வேகத்தையும் மௌனத்தின் அளவையும் அறிவான். எந்தச் சொல்லிலே அழுத்தம் வைத்தால் எந்தப் பொருள் பிறக்கும் என்பதையும் அறிவான். நேரடி ஒலிபரப்போ மன்னிப்பறியாதது. சொன்ன சொல் காற்றிலே போய்விடும், திருத்த இயலாது. விநாடிக் கணக்கு தவறினால் அடுத்த நிகழ்ச்சி தவறும். இத்தகைய ஒழுங்கிலே பழகியவர்க்கே, முன்பின் அறியாத போட்டியாளர் ஒருவர் மேடையிலே தடுமாறும்போது, அந்தக் கணத்திலே என்ன சொல்வது என்னும் தெளிவு வாய்க்கும்.

எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகள்’ என்னும் வானொலி நகைச்சுவை நாடகத்தையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1976இல் திரைப்படமாகவும் வந்த அந்நாடகத்திலே ராம்தாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், ஹமீத் ஐயராகவும் பேசினர். அதாவது, இந்துவான தமிழர் ஒருவர் முஸ்லிமாகவும், தமிழர் ஒருவர் சிங்களவராகவும், முஸ்லிம் ஒருவர் பிராமணராகவும் பேசினர். ஒவ்வொருவரும் மற்றவரின் மொழிவழக்கைக் கூர்ந்து கேட்டுப் பழகினாலன்றி இது கைகூடாது. பல்லினமும் அயலயலாக வாழும் எமது துறைமுக நகரிலே இருந்து நோக்குகையிலே, இது நடிப்புப் பயிற்சிக்கும் மேலான ஒன்றாகத் தோன்றுகின்றது. பிறர் பேச்சைக் கேட்கப் பயின்ற செவியே பின்னாளிலே தெல்லிப்பழையிலிருந்து வந்தவரையும் திண்டுக்கல்லிலிருந்து வந்தவரையும் ஒரே மேடையிலே கூச்சமின்றிப் பேசவைத்தது. 2000இல் வெளிவந்த ‘தெனாலி’ திரைப்படத்துக்காகக் கமல்ஹாசன் ஈழத்துப் பேச்சுத் தமிழைப் பழக நாடியதும் இச்செவியையே.

2. விளையாட்டின் இலக்கணம்

இனி, மறுபக்கத்தாரின் வாதத்துக்கு வருவோம். பல்கலைக்கழகச் சூழலிலே இவர்களே அதிகம். ‘சினிமாப் பாட்டை வைத்து நடத்தும் விளையாட்டொன்றைப் பற்றிக் கலைப்பீட மாணவர் கட்டுரை எழுதுவதா?’ என்று முகஞ்சுளிப்போர் இவர்கள். இரவிலே அந்நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் பகலிலே அதனை மலிவுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது இவர்தம் பண்பாட்டுக் கொள்கையாகும்.

அவ்விளையாட்டு யாது? போட்டியாளருக்கு ஓர் எழுத்து அளிக்கப்படும். அவ்வெழுத்திலே தொடங்கும் பாடலொன்றை அவர் குறித்த நேரத்துக்குள் நினைவிலிருந்து பாடவேண்டும். அப்பாடலிலிருந்து பெறப்படும் எழுத்தே அடுத்தவருக்குரியதாகும். முடிவு முதலாகும் இந்த உத்தி தமிழ்ச் செய்யுளிலே அந்தாதி என நெடுங்காலமாக வழங்குவது. வடநாட்டிலே அந்தாட்சரி எனப் பெயர்பெற்று, 1993 முதல் இந்தித் தொலைக்காட்சியிலே அனு கபூரால் நடத்தப்பட்டதும் இவ்வகையினதே. தமிழிலே இவ்விளையாட்டுக்குத் தனியான ஓர் இடர்ப்பாடு உண்டு. மொழிக்கு முதலிலே எல்லா எழுத்தும் வாரா. எவை வரும், எவை வாரா என்பதைத் தொல்காப்பியம் மொழிமரபிலே வகுத்துரைக்கின்றது. டகரமும் ணகரமும் ழகரமும் ளகரமும் னகரமும் தமிழ்ச் சொல்லைத் தொடங்கா. எனவே எழுத்தைத் தெரிந்து கொடுக்கும் நடத்துநர் மொழிமுதல் எழுத்து விதியை மனத்திலே கொண்டிருத்தல் வேண்டும். குறிலுக்கு நெடில் பாடிவிட்டால் உடனே கண்டுபிடித்தல் வேண்டும். நகரமா னகரமா, லகரமா ளகரமா என்னும் ஐயத்தை அவ்விடத்திலேயே தீர்த்தல் வேண்டும். பள்ளியிலே இலக்கணப் பாடத்தைக் கண்டு ஓடியோர் இந்த விளையாட்டிலே குறிலுக்கும் நெடிலுக்கும் வாதாடினர் என்பது சிறிய செய்தியன்று.

மேலும், ஹமீத் அவர்களின் நிகழ்ச்சியிலே பாடியவர் சொல்லை மாற்றிப் பாடினால் அது திருத்தப்பட்டது. பாடலின் பின்னே கவிஞரின் பெயரும் இசையமைப்பாளரின் பெயரும் படத்தின் பெயரும் வந்தன. பாடலென்றால் அதனைப் பாடுவதாகத் திரையிலே வாயசைத்த நடிகரே என்று எண்ணிய சமுதாயத்துக்கு, அதற்குப் பின்னே எழுதியவர் ஒருவர் இருக்கின்றார், மெட்டமைத்தவர் ஒருவர் இருக்கின்றார் என்று ஓயாது நினைவூட்டியவர் அறிவிப்பாளரே. உழைப்பாளியின் பெயரை மறவாது சொல்லுதல் ஒலிபரப்பின் மரபு. உடைமையாளரின் பெயரை மட்டும் சொல்லுதல் விளம்பரத்தின் மரபு. இவ்விரண்டு மரபுகளின் மோதலே அடுத்துவரும் வரலாறாகும்.

இதனால் அந்த விளையாட்டிலே குறையில்லை என்பது எம் வாதமன்று. திரைப்பாடல் நினைவே தமிழறிவின் அளவுகோல் என்னும் மயக்கத்தை அது ஓரளவு வளர்த்தது. நாட்டார் பாடலுக்கு அங்கே இடமில்லை. அம்பாப் பாடலுக்கு இடமில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் வாய்மொழிக் கவிகளுக்கும் இடமில்லை. அம்பாப் பாடி வலையிழுக்கும் கரையிலே இருந்துகொண்டு இக்குறையை நாம் காணாதிருக்க முடியாது. ஆயினும் குறை விளையாட்டின் எல்லையிலே உள்ளது; விளையாட்டின் முறையிலே இல்லை. முறையைக் கைக்கொண்டு எல்லையை விரிவாக்கியிருக்க வேண்டியவர் யார்? முகஞ்சுளித்த எமது அறிஞர்களே அல்லரோ?

3. சின்னத்திரையின் பேரம்

1993 ஏப்பிரலிலே சென்னையிலிருந்து சன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அதன் பின்னரே ‘பாட்டுக்குப் பாட்டு’ வானொலியிலிருந்து சின்னத்திரைக்குச் சென்றது. ஈழத்து ஒலிபரப்பாளர் ஒருவர் தமிழகத்திலே தமிழ் கற்பிக்கும் நிலையிலே நின்றார் என்று நாமெல்லாம் பெருமை கொண்டோம். பெருமை நியாயமானதே. ஆனால் பெருமையின் மயக்கத்திலே இரண்டு மாற்றங்களை நாம் கவனிக்கத் தவறினோம்.

முதலாவது, நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்கிய நகைக்கடையின் பெயர் நிகழ்ச்சியின் பெயருக்கு முன்னே வந்து அமர்ந்தது. ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ என்றே மக்கள் அதனை அறிந்தனர். வானொலியின் வர்த்தக சேவையிலும் விளம்பரம் இருந்தது என்பது மெய். ஆயினும் தலைப்பிலேயே உடைமை பொறிக்கப்படும்போது, நடத்துநர் யாருடைய பணியாளர் என்னும் வினா எழவே செய்கின்றது. இரண்டாவது மாற்றம் இதனிலும் ஆழமானது. நாடகம், அறிவிப்பு, செய்தி, நேர்காணல், விளம்பரக் குரல், போட்டி நிகழ்ச்சி எனப் பல துறைகளிலே பயின்ற ஒருவரிடம் தொலைக்காட்சி ஒன்றையே கேட்டது. மற்றவை அதற்குத் தேவைப்படவில்லை. வானொலி ஒரு மனிதரைப் பலவாறாக வளர்த்தது. தொலைக்காட்சி வளர்ந்தவரிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துக்கொண்டது. தான் விதைக்காத நிலத்திலே அறுவடை செய்த தொலைக்காட்சி, அடுத்த போகத்துக்கு விதைநெல் எதுவும் வைக்கவில்லை.

அடுத்த போகம் எவ்வாறு விளைந்தது என்பதற்குச் சான்று வேண்டுமாயின் கோடீஸ்வர நிகழ்ச்சிகளை நோக்கலாம். 1998 செப்டம்பரிலே பிரித்தானியாவில் தொடங்கிய இப்போட்டியின் வடிவம், 2000 யூலையிலே இந்திக்கு அமிதாப் பச்சனோடு வந்தது. அவ்வாண்டே சன் தொலைக்காட்சியிலே ‘கோடீஸ்வரன்’ வந்தது. நடத்தியவர் நடிகர் சரத்குமார். 2012இல் விஜய் தொலைக்காட்சியிலே ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ வந்தது. நடத்தியவர் நடிகர் சூர்யா. 2013இல் பிரகாஷ்ராஜ். 2016இல் அரவிந்த்சாமி. 2019இல் கலர்ஸ் தமிழிலே ‘கோடீஸ்வரி’. நடத்தியவர் நடிகை ராதிகா சரத்குமார். ஐந்து முறை ஆசனம் காலியாயிற்று. ஐந்து முறையும் திரைப்பட நட்சத்திரமே அமர்த்தப்பட்டார். ஒருமுறையேனும் ஓர் அறிவிப்பாளர் நினைக்கப்படவில்லை.

‘மக்கள் நட்சத்திரங்களையே விரும்புகின்றனர், மேனாட்டு முறையும் இதுவே’ என்பது நிலையத்தாரின் விடை. இவ்விடையின் பின்பாதி முழுப்பொய். மூல நிகழ்ச்சியை இங்கிலாந்திலே தொடங்கி நடத்திய கிறிஸ் டறன்ற் இலண்டன் ‘கப்பிற்றல்’ வானொலியின் காலை நிகழ்ச்சியாலே புகழ்பெற்றவர். ஒலிவாங்கியின் முன் நாள்தோறும் பழகியவர். மேனாட்டிலிருந்து கேள்விமுறையை இறக்குமதி செய்தார்கள். இசையை இறக்குமதி செய்தார்கள். ஒளியமைப்பையும் சுழல் நாற்காலியையும் இறக்குமதி செய்தார்கள். நடத்துநர் தொழில் பயின்றவராக இருந்தார் என்னும் ஒரு செய்தியை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள்! நடிகர்கள் சிலர் அப்பணியை நயம்படச் செய்தனர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நட்சத்திரம் நாற்காலியில் அமர்ந்ததும் பார்வையாளரின் கண் போட்டியாளரை விட்டு அவர்பால் திரும்பிவிடுகின்றது. போட்டியாளர் விடையளிக்க வந்தவராக அன்றித் தரிசனம் பெற வந்தவராகின்றார். நடுவருக்கே மாலை விழும் ஆட்டத்திலே ஆடுவோருக்கு என்ன மதிப்பு?

நடத்துநரின் முதன்மையான பண்பு நடுவுநிலைமை. அது குலையுமிடத்து விளைவது யாது என்பதற்கு அமெரிக்காவின் வரலாறு பாடமாகும். 1956இல் அங்கே ‘இருபத்தொன்று’ என்னும் வினாப்போட்டி தொலைக்காட்சியிலே நடந்தது. சார்ள்ஸ் வான் டோரன் என்னும் பல்கலைக்கழக ஆசிரியர் அதிலே வெற்றிமேல் வெற்றி பெற்று நாடறிந்தவரானார். விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன என்பது பின்னர் வெளிப்பட்டது. 1959 நவம்பரிலே வான் டோரன் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்றின் முன்னே உண்மையை ஒப்புக்கொண்டார். 1960இல் இத்தகைய மோசடி சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஈண்டு நாம் கருதவேண்டியது, அந்நிகழ்ச்சியின் நடத்துநரான ஜாக் பாரி அதன் தயாரிப்பிலும் பங்காளியாக இருந்தார் என்பதே. நடுவரும் வணிகரும் ஒருவராயினர். அனுசரணையாளருக்குப் பரபரப்பு தேவைப்பட்டது. பரபரப்புக்காக நேர்மை விற்கப்பட்டது. ஆகவே, நடத்துநரை யார் நியமிக்கின்றார், யாருக்கு அவர் பொறுப்புக் கூறுகின்றார் என்பது பொழுதுபோக்குப் பற்றிய வினாவன்று. பொதுவாழ்வின் நம்பகம் பற்றிய வினாவாகும்.

4. எம் கரையின் நிலை

பிறரைக் குறைகூறி அமைதல் எளிது. எம் நாட்டிலே நிகழ்ந்தது யாது? 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. வானொலியிலே பயின்ற தமிழ்க் குரல்களைக் கொண்டு சின்னத்திரையிலே ஒரு மரபை ஆக்கியிருக்கக்கூடிய காலம் அது. ஆனால் அரச தொலைக்காட்சியிலே தமிழுக்குக் கிடைத்தது மிச்ச நேரமே. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் கலைஞர் பலர் நாட்டைவிட்டகன்றனர். நீண்ட போர் எஞ்சியோரையும் சிதைத்தது, கே. எஸ். ராஜா 1994இல் கொலையுண்டார். இந்நிலையிலே 1998 முதல் தனியார் தமிழ் வானொலிகளும் சக்தி தொலைக்காட்சியும் வந்தன. 2009இல் வசந்தம் வந்தது. அலைவரிசைகள் பெருகின; பட்டறை பெருகவில்லை. குரற்தேர்வும் நாடகப் பயிற்சியும் மூத்தோரின் மேற்பார்வையும் செலவெனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டன. இடைவிடாது பேசுவதே அறிவிப்பு என்றாயிற்று. ஒலிபரப்பும் ஒளிபரப்பும் ஓரெழுத்தால் வேறுபடுவன. அவ்வோரெழுத்தை உச்சரிக்க அறியாதோர் இன்று இரண்டையும் நடத்துகின்றனர்!

எம் மாவட்டத்தின் நிலை இன்னும் வியப்புக்குரியது. திருகோணமலைக்கு அண்மையிலே பேர்கர என்னுமிடத்திலே 1984 முதல் ஜேர்மனியின் ‘டொய்ச்ச வெல்ல’ நிறுவனம் ஆற்றல்மிக்க அஞ்சல் நிலையமொன்றை நடத்தி, எமது மண்ணிலிருந்து ஆசிய நாடுகளுக்குத் தன் குரலை அனுப்பிற்று. பின்னாளிலே அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. ஐரோப்பாவின் செய்தி எம் கடற்கரையிலிருந்து கண்டங்கள் கடந்தது. எம் கரையின் செய்தியோ கொழும்புக்கும் சென்றதில்லை. கருவி இல்லாமையால் நாம் ஊமையாகவில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று இல்லை. கம்பங்கள் நின்றன, அவற்றின்முன் நின்று பேசுதற்குரியோரை ஆக்கவே எவரும் முன்வரவில்லை.

1990களிலே ஈழத்து ஒலிபரப்பாளர் ஒருவர் சென்னைக்கு நடத்துநராகச் சென்றார். 2019இல் இலங்கைத் தொலைக்காட்சியொன்றிலே செய்தி வாசிப்பாளராக இருந்த லொஸ்லியா சென்னைக்குச் சென்றது ‘பிக் பாஸ்’ வீட்டினுள்ளே கண்காணிக்கப்படும் போட்டியாளராக. நடத்தியவர் நடிகர் கமல்ஹாசன். அப்பெண்ணைக் குறைகூறுவது எம் நோக்கமன்று; கிடைத்த வாயிலாலே அவர் நுழைந்தார். வாயில் எவ்வாறு சுருங்கிற்று என்பதையே சுட்டுகின்றோம். ஒருகாலத்திலே எம் குரலைக் கேட்கச் சென்னை விரும்பிற்று. இன்று எம் முகத்தை வேடிக்கை பார்க்க விரும்புகின்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நேர்ந்த இந்த இறக்கத்தை இறைவன் செய்யவில்லை.

5. செய்யவேண்டுவன

புலம்பல் பரிகாரமாகாது. எனவே சிலவற்றைத் தெளிவாகக் கூறி முடிக்கின்றோம்.

முதலாவதாக, பொதுப் பணத்தால் நடக்கும் ஒலிபரப்பு, ஒளிபரப்பு நிறுவனங்கள் தமிழ் அறிவிப்பாளருக்கான குரற்தேர்வையும் பயிற்சியையும் முறையாக நடத்துதல் வேண்டும். அத்தேர்வு கொழும்பிலே மட்டும் நடத்தப்படலாகாது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் வன்னியிலும் நடத்தப்படல் வேண்டும். இரண்டாவதாக, வானொலி நாடகம் மீட்கப்படல் வேண்டும். அது பழமையின் நினைவுச்சின்னமன்று, அறிவிப்பாளனின் அரிச்சுவடி. மூன்றாவதாக, தமிழையும் தொடர்பாடலையும் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகள் உச்சரிப்பையும் நேர்காணலையும் நிகழ்ச்சி நடத்துதலையும் ஏட்டளவிலன்றி ஒலிவாங்கியின் முன்னே கற்பித்தல் வேண்டும். பழைய ஒலிப்பதிவுகள் எங்கெங்கு எஞ்சியுள்ளனவோ அங்கிருந்து திரட்டிப் பாடமாக்குதல் வேண்டும். மூத்த ஒலிபரப்பாளர் உயிரோடிருக்கும்போதே அவர்களை விரிவுரை மண்டபத்துக்கு அழைத்தல் வேண்டும்; பொன்னாடை போர்த்தி அனுப்புவதற்கன்று, கற்பிப்பதற்கு.

நான்காவதாக, எமது தமிழ்ச் சங்கமே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. ஆண்டுதோறும் கலைவிழாவிலே நிகழ்ச்சித் தொகுப்புக்கென உரத்த குரலுடைய ஒருவரைத் தேடிப்பிடித்து மேடையேற்றும் வழக்கத்தைக் கைவிடுவோம். எழுத்து விளையாட்டின் முறையைக் கொண்டு, திரைப்பாடலோடு நாட்டார் பாடலையும் அம்பாவையும் கவிகளையும் சேர்த்துப் போட்டியொன்றை நாமே அமைப்போம். அதனை நடத்துவதற்கு ஆறு மாதம் முன்னரே மாணவர் சிலரைத் தெரிந்து பயிற்றுவோம். எழுதியவர் பெயரை, மெட்டமைத்தவர் பெயரை, பெயரறியாப் பாடலாயின் அது பிறந்த ஊரின் பெயரைச் சொல்லும் வழக்கத்தை ஆக்குவோம். இதற்கு நட்சத்திரம் தேவையில்லை, நகைக்கடையும் தேவையில்லை.

ஹமீத் அவர்கள் தம் நினைவுகளை நூலாக்கியபோது அதற்கு இட்ட பெயர் ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’. வழிப்போக்கன் என்னும் அச்சொல்லை அடக்கத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொண்டு கடந்துவிடலாகாது. வழிப்போக்கன் இருந்தான் எனின், அவன் நடந்த வழியொன்றும் இருந்தது. அவ்வழியை அமைத்தது ஒரு பொது நிறுவனம். அதனைத் தூர்த்தவை போரும் புறக்கணிப்பும் வணிகமும். தூர்ந்த வழியின் ஓரத்திலே நின்று பழைய வழிப்போக்கரின் குரலினிமையை வியந்துகொண்டிருப்பது போதும். வழியைத் திருத்துவோம், நடப்போர் வருவர்.